இரண்டு டன்னை நிறுத்துவது

"மேடம், நீங்க உள்ள ஏசி ரூம்ல உக்காருங்க, இங்க ஒரே கிரீஸு" என்று மெக்கானிக் மயில்சாமி சொன்னது இது மூன்றாவது தடவை, மூன்று தடவையும் அவர் சிந்துஜாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, அவள் இடுப்பிலிருந்த பதினோரு மாதக் குழந்தையைப் பார்த்துத்தான் சொன்னார், குழந்தைதான் அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருப்பது போல. மூன்று தடவையும் அவள் பரவாயில்லீங்க என்றாள். பரவாயில்லை என்று சொல்லிச் சொல்லியே இருபத்தொன்பது வயதாகிவிட்டது. கணபதியில் லேத்துப் பட்டறைகள் நெருக்கியடிக்கும் சந்து அது, தகரக் கூரைக்கடியில் மதியம் இரண்டரை மணி வெயில் இறங்கி இரும்பில் பட்டு மறுபடி மேலே ஏறிக்கொண்டிருந்தது, பக்கத்துப் பட்டறையில் எதையோ கடைந்துகொண்டிருந்தார்கள், பல்லுக்குள் ஊசி இறங்குவது போன்ற சத்தம், அதற்கு நடுவில் அவள் கணவன் நவநீதனின் கார் லிஃப்டின் மேல் நான்கு சக்கரமும் கழற்றப்பட்டு அந்தரத்தில் நின்றது. சக்கரம் இல்லாத கார் எவ்வளவு சாது. எட்டு சிலிண்டர், இரண்டு டன். இந்த இரண்டையும் அவன் தன் அப்பா பெயரைச் சொல்வதைவிட மரியாதையாகச் சொல்வான். எட்டு சிலிண்டர் சிந்து, கோயமுத்தூர்லயே மொத்தம் மூணு வண்டிதான். வாங்கிய முதல் மாதம் சைலன்ஸரை மாற்றினான், பழையது உறுமவில்லையாம். அடுத்த மாதம் எஞ்சினின் கம்ப்யூட்டரைத் திறந்து இன்னும் எண்பது குதிரைகளை உள்ளே ஓட்டி விட்டான். அப்புறம் சீட்டு, ஸ்டீயரிங், டயர். ஓடுவதற்கு என்னென்ன உண்டோ அத்தனையும் செய்தாயிற்று, நிற்பதற்கு ஒன்றும் செய்யவில்லை. நிக்கறதுக்கு யாராச்சும் கார் வாங்குவாங்களா மச்சி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஹாலில் உட்கார்ந்து சிநேகிதர்களிடம் கேட்டான், எல்லோரும் சிரித்தார்கள், டீ டம்ளர்களை எடுக்க வந்தவளும் சிரித்தாள், அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வாய் கொப்பளிக்க வேண்டும் போலிருக்கிறது.

மேஜை மேல் செய்தித்தாளை விரித்து மூன்று ஜோடி டிஸ்க் வைத்திருந்தார் மயில்சாமி. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற இரும்பு வட்டம், பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் பேடு வந்து அதைக் கவ்வும், காரின் வேகமெல்லாம் சூடாக மாறி அந்த வட்டத்துக்குள் போய்ச் சேரும். பிரேக் என்பது அவ்வளவுதான், வேகத்தைச் சூடாக்குவது, சூட்டைக் காற்றில் விடுவது. ஒரு ஜோடியில் முழுக்கத் துளை, சல்லடை மாதிரி. ஒரு ஜோடியில் வளைவாகக் கோடு கோடாக வெட்டியிருந்தது. மூன்றாவது ஜோடி ஒன்றுமே இல்லாமல் மொழுக்கென்று தோசைக்கல் போல இருந்தது. "துளை போட்டது சீனுக்குங்க தம்பி, கோடு போட்டது வேலைக்கு, ஒண்ணும் போடாதது சோத்துக்கு" என்றார் மயில்சாமி. நவநீதன் சிரித்தான். "அப்ப நமக்கு சீன்தாண்ணா" என்றான். பேடைப் பிடித்திருக்கிற சிவப்புக் கேலிப்பருக்குப் பின்னால் துளை டிஸ்க், ரிம்முக்குள்ளே மின்னும்போது எப்படி இருக்கும் என்று ஃபோனில் படம் காட்டினான், மயில்சாமிக்கு. அவளுக்குக் காட்ட வேண்டியதில்லை என்பது ஒரு விதத்தில் சரிதான், பதினெட்டு நாளாகக் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் இன்னொரு கையில் ஃபோனை வைத்துக்கொண்டு அவள் வேறு எதையும் படிக்கவில்லை. துளை போட்டால் எடை குறையும். எடை குறைந்தால் சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பு குறையும். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, ஒரு துளையிலிருந்து பக்கத்துத் துளைக்கு விரிசல் ஓடும், முடி போன்ற விரிசல் என்று எழுதியிருந்தான் எவனோ, முடி போன்ற, அதைப் படித்தபோது மகிழினியின் உச்சந்தலை அவள் மூக்குக்குக் கீழே இருந்தது, எண்ணெயும் பாலும் கலந்த வாசனையோடு நாலு முடி, அதிலிருந்து முடி என்ற சொல்லே அவளுக்குக் கெட்டுப்போய்விட்டது. சீப்பில் சிக்கிய முடியைப் பார்த்தாலும் இரும்பு பிளப்பது போல இருக்கிறது. குன்னூர் ஆறாயிரம் அடி, கீழே கல்லாறு ஆயிரத்துச் சொச்சம், இரண்டு டன்னை அவ்வளவு உயரத்திலிருந்து பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் வருகிற சூட்டை அவள் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாள், மளிகை லிஸ்ட் எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில், ஆறு குடம் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைக்கும். ஆறு குடம் வெந்நீர். அந்த ஆறு குடத்துக்கு மேலே, அப்பாவின் ரசனைக்கு ஏற்ற பாட்டைக் கேட்டுக்கொண்டு, கட்டை விரலைச் சப்பிக்கொண்டு மகிழினி.

"துளை போட்டது வேண்டாமுங்க" என்றாள் அவள். நவநீதன் திரும்பவில்லை. "ஏனுங்க. துளை வேண்டாம்." வீட்டில் நவி என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள், வெளியே வந்தால் ஏனுங்க, இதுவும் அவனுடைய அம்மா ஏற்படுத்தின சட்டம். ஏனுங்க என்று ஆரம்பிக்கிற எந்த வாக்கியத்தை எவன் கேட்கிறான். "உன்னைக் கேட்டா டிஸ்க்கே வேண்டாம்பே, காரே வேண்டாம்பே" என்றான் நவநீதன் சிரித்துக்கொண்டே, "அண்ணா, நம்மூட்ல ஒரே பயம். அன்னிக்கு அந்த மேட்டருக்கு அப்பறம் தூங்கறதே இல்லை." மயில்சாமி துளை டிஸ்க்கை ஒரு விரலால் சுண்டினார், அது மணி போல ஒலித்தது. "இல்லீங்க தம்பி. டவுனுக்குள்ள சுத்தறவராயிருந்தா எதையோ மாட்டிக்குங்கன்னு விட்டுருவேன். நீங்க மலையெறங்கறவரு. கோடு போட்டதப் போடுங்க. கனமும் ரெண்டு கிலோ சேத்தி." நவநீதன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நீங்க சொன்னா சரிங்ணா." நீங்க சொன்னா சரிங்ணா. பதினெட்டு நாளாக இதையேதான் அவள் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள், மாடிப்படியில் சொன்னாள், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சொன்னாள், கட்டுரைகளை அனுப்பினாள், அவன் அவற்றைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, இரண்டு நீல டிக் விழவே இல்லை. இதே சொற்கள், கனம், மலை, சூடு. அவள் வாயிலிருந்து வந்தால் பயம், மயில்சாமி வாயிலிருந்து வந்தால் அனுபவம். அவளும் ஒன்றும் வெறும் ஆளில்லை, அறுபது பேர் படித்த மெக்கானிக்கல் வகுப்பில் இருந்த நான்கு பெண்களில் ஒருத்தி, பீளமேட்டில் பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவில் நான்கு வருஷம், ஒவ்வொரு பம்பாக ஓட விட்டுத் தண்ணீரை அளந்து கையெழுத்துப் போட்டவள், அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பம்பு கேட்டைத் தாண்டாது, இவன் அதைப் பெண் பார்க்க வந்த அன்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னான். பெருமை எல்லாம் பெண் பார்க்கிற அன்றைக்குத்தான். கோபம் வந்தால் அவளுக்கு மார்பில் பால் கட்டும், இப்போது கட்டியிருந்தது, ஜாக்கெட்டுக்குள் வைத்த துணி நனைந்து குளிர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மகிழினி அவள் தாலிச் செயினை வாயில் போட்டுச் சப்பினாள். சப்பட்டும், அதற்காவது உபயோகப்படட்டும்.

பதினெட்டு நாளைக்கு முன்னால், அன்றைக்குக் குன்னூரில் நாத்தனார் வீட்டிலிருந்துதான் இறங்கினார்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே நாத்தனார் அங்கே கட்டிய புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம், ஞாயிற்றுக்கிழமைக்குள் டிஸ்க் மாட்டியாக வேண்டும், அதற்குத்தான் இன்றைக்கு வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான். மலை ஏறும்போது ஒன்றும் தெரியாது, ஏறுகிற காருக்கு எஞ்சின் போதும், ஏறும்போது எல்லோரும் நல்லவர்கள்தான். இறங்கும்போது அவன் வளைவுக்கு வளைவு மிதித்தான், நேராக இருக்கிற நூறு அடியில் ஒரு சீறல், வளைவு வந்ததும் ஒரே அழுத்து, மறுபடி சீறல், மறுபடி அழுத்து, பின் சீட்டில் குழந்தையின் தலை முன்னும் பின்னும் போய் வந்தது, முதல் கொண்டை ஊசி வளைவிலேயே அவள் சொன்னாள், மெதுவா போங்க. "பின்னாடி உக்காந்து ஸ்டீயரிங் புடிக்காத சிந்து" என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. இங்கேதான் வந்து வந்து சிக்கிக்கொள்கிறது, இந்த இடத்தில், எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் இங்கேதான். இரண்டாவது வளைவில் வாசனை வந்தது. மோட்டாரின் கம்பிச் சுருள் எரிவதற்குச் சற்று முன்னால் ஒரு வாசனை வருமே, அதற்கு உடன்பிறந்த வாசனை, அவள் மூக்குக்கு அது தெரியும், சோதனைப் பிரிவில் அந்த வாசனை வந்த நொடியில் ஸ்விட்சை அணைக்க ஓடுவாள், ஆறு பேர் மேல் இடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். காரில் ஓடவில்லை. மூன்றாவது வளைவில் வாசனை கெட்டியாகிவிட்டது. நான்காவது. ஐந்தாவது. கான்வென்டில் சிஸ்டர் அன்ஸெல்மா ஒரு வழக்கம் வைத்திருந்தார், பேச வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும், தூக்கினால் மட்டும் போதாது, பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது, கை வலித்தால் இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொள்ளலாம். பன்னிரண்டு வருஷம். எல்.கே.ஜி.யில் ஒருத்தி கையைத் தூக்கியபடியே பாவாடையை நனைத்துக்கொண்டாள், அவளைப் பொறுமையான பெண் என்று சிஸ்டர் மெச்சினார், வகுப்பே கை தட்டியது. நான்கு வளைவுகள் சிந்துஜா பின் சீட்டில் மனதுக்குள் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் கூப்பிடவில்லை. அவன் எதற்குக் கூப்பிடப்போகிறான். கூப்பிடாவிட்டால் என்ன, கத்த வேண்டியதுதானே, குழந்தை உன் பக்கத்தில்தானே இருந்தது, மடச்சி, உன் மூக்குக்குத் தெரிந்தது, உன் கையெழுத்து இல்லாமல் ஒரு பம்பு வெளியே போகாது, பெற்ற பெண்ணை மட்டும் கையெழுத்தில்லாமல் அனுப்பினாயே.

ஆறாவது வளைவில் பிரேக் பெடல் பிடிக்காமல் உள்ளே போய்விட்டது. அவன் "இல்ல" என்றான். அவ்வளவுதான், இல்ல, சின்னப் பையன் குரலில். இரண்டு தடவை மிதித்தான், மூன்று தடவை, கியரை இழுத்து இழுத்துக் கீழே இறக்கினான், எஞ்சின் கூவியது, கார் இடது பக்கம் ஓடைக் கல்லில் உராய்ந்துகொண்டே போய் மண்மேட்டில் சாய்ந்து நின்றது. இடது பக்கம் மலையாக இருந்தது. ஒரு வளைவுக்கு முன்னால் இடது பக்கம் வெறும் காற்று. மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் அன்றைக்கு விஷயமே, புத்தியில்லை, கைத்திறமை இல்லை, எட்டு சிலிண்டர் இல்லை, மலை தன் பாட்டுக்கு இடது பக்கம் இருந்தது. முன் சக்கரங்கள் புகைந்தன. பின்னால் வந்த லாரிக்காரர் வண்டியை ஓரம் கட்டி இறங்கி வந்து, குனிந்து புகையைப் பார்த்து, "எந்த கியர்ல ஏறுனியோ அந்த கியர்லதான் எறங்கோணும் தம்பி, பிரேக்கத் தின்னுட்டு வரக் கூடாது, அதென்ன முறுக்கா" என்றார். நவநீதன் இறங்கி நின்றான். அவன் முழங்கால் நடுங்கியது, பேண்ட் துணி தனியாக ஆடியது, அவள் பார்த்தாள். அந்த நடுக்கத்துக்காக எல்லாவற்றையும் மன்னித்திருப்பாள். மகிழினி பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதவன் அவன், நடுராத்திரி டயப்பர் மாற்றுகிறவன், குழந்தைக்கு நகம் வெட்டும்போது மூச்சையே பிடித்துக்கொள்கிறவன், இதெல்லாம் அவளுக்குத் தெரியாமலா. ஆனால் இரண்டு மணி நேரம் சக்கரம் ஆறக் காத்திருந்து, ஊர்ந்து இறங்கி, மேட்டுப்பாளையத்தில் காபி குடிக்க உட்கார்ந்ததும் ஃபோனை எடுத்தான். "பெடலே போயிருச்சு மச்சி, செம த்ரில்லு. சிந்து மூஞ்சியப் பாத்திருக்கோணும் நீ." என்று சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்துச் சிரித்தான். அவள் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் அவன் சிரித்த முகம் எப்படி இருந்தது என்று வரைந்தே காட்டுவாள். அந்த நடுக்கத்தை எங்கே போட்டான். எந்த இடத்தில், கல்லாறிலா, ஓடந்துறையிலா, எந்தத் திருப்பத்தில் அதைக் கழற்றி வெளியே எறிந்தான்.

"இதென்னங்ணா, பெட்டி மாத்தி வந்திருக்குது" என்று நவநீதன் சொன்னது கேட்டு அவள் நிமிர்ந்தாள். கோடு போட்ட டிஸ்க்குகளைப் பெட்டியிலிருந்து எடுத்திருந்தார்கள். ஒரு பெட்டியில் எல் என்றும் ஒன்றில் ஆர் என்றும் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது, இடது, வலது. நவநீதன் ஃபோனில் ஏதோ பந்தயக் காரின் படத்தை விரலால் பெரிதாக்கி மயில்சாமியிடம் நீட்டினான். "பாருங்க, கோடு முன்னாடி சாஞ்சிருக்குது. நம்மளோடத எல் போட்டத இடது பக்கம் வெச்சா பின்னாடி சாயுது. பேக் பண்ணினவன் மாத்திப் போட்டுட்டான்." மயில்சாமி படத்தைப் பார்த்தார், டிஸ்க்கைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "அப்படித்தான் தெரியுது. வெளிநாட்டுக்காரனும் தப்புப் பண்ணுவானாட்டிருக்குது." "கரெக்டா கவனிக்கோணுங்ணா இதையெல்லாம். ரேஸ் பாக்கறவனுக்குத்தான் தெரியும்." எல் என்று எழுதியிருந்ததை வலது பக்கம் மாட்டினார்கள். மயில்சாமி அதை உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளிச் சுற்றிவிட்டார், அழகாகச் சுற்றியது, கோடுகள் ஓடி ஒன்றாயின. அவளுக்குக் கோடு தெரியவில்லை. டிஸ்க் என்பது ஒற்றைத் தகடு இல்லை, இரண்டு தகடு, நடுவில் இடைவெளி, இடைவெளியில் வளைந்த இறக்கைகள், விளிம்பைப் பார்த்தால் தெரியும். அவள் விளிம்பைத்தான் பார்த்தாள். நான்கு வருஷம் அதைப் பார்த்த கண் அது, பம்புக்குள்ளே தண்ணீரைத் தள்ளுகிற சக்கரமும் இதே இரண்டு தகடு, இதே இறக்கை, நடுவிலே உறிஞ்சி ஓரத்திலே வீசும், அங்கே தண்ணீர், இங்கே காற்று. இறக்கையின் வெளி நுனி சுற்றுகிற திசைக்கு எதிர்ப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் தள்ளும். கார் முன்னால் போனால் இந்தச் சக்கரம் இப்படிச் சுற்றும், விரலால் காற்றில் வரைந்து பார்த்தாள், இப்படி, நுனி முன்னால் சாய்ந்திருக்கிறது. முன்னால். தலைகீழ். பெட்டி சரி, எல் சரி, ஆர் சரி, வெளிநாட்டில் யாரோ ஒரு பெண், பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், கையெழுத்துப் போட்டு அனுப்பியதை இந்த இரண்டு ஆம்பிளைகளும் படம் பார்த்துத் திருத்திவிட்டார்கள். டவுனில் ஓட்டினால் ஒன்றுமே தெரியாது. உக்கடத்துக்கும் காந்திபுரத்துக்கும் போய் வந்தால் ஆயுசுக்கும் தெரியாது. ஆறாவது வளைவில் தெரியும்.

அவள் சொல்லவில்லை. உடனே சொல்லவில்லை. இதைப் பின்னால் எவ்வளவு மாற்றி நினைத்துப் பார்த்தாலும், அந்த இடது பக்கத்து டிஸ்க்கையும் மாட்டி முடிக்கிறவரைக்கும் அவள் சும்மா நின்றாள் என்பது மாறப்போவதில்லை. ரேஸ் பாக்கறவனுக்குத்தான் தெரியும். தெரியட்டும். மாட்டு, நன்றாக மாட்டு, போல்ட்டை இறுக்கு. ஒரு கறுப்புச் சந்தோஷம் வயிற்றில் சூடாக ஊறியது, ஞாயிற்றுக்கிழமை காலையில் நெஞ்சு வலி என்று படுத்துக்கொள்ளலாம், குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லலாம், அவன் தனியாகப் போகட்டும், எட்டு சிலிண்டரும் கோடு போட்ட சீனுமாகப் போய் இறங்கட்டும், அப்போது தெரியும் பம்பு கம்பெனிக்காரி யாரென்று. போய் இறங்கட்டும். இறங்கட்டும் என்ற சொல் இறங்க ஆரம்பித்தது, நிறுத்த முடியவில்லை, வளைவு, வளைவு, அவன் முழங்கால், அந்தச் சின்னப் பையன் குரல், இல்ல, இந்தத் தடவை மலை எந்தப் பக்கம். ஐயோ என்றது உள்ளே ஏதோ. அவளுக்குத் தன்மேல் வந்த அருவருப்பில் குழந்தையை இறுக்கிவிட்டாள் போல, மகிழினி செயினைத் துப்பிவிட்டு அழ ஆரம்பித்தாள். பக்கத்துப் பட்டறை லேத்து, குழந்தை அழுகை, போல்ட் முடுக்குகிற துப்பாக்கியின் டர்ர். "ஏனுங்க" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. இப்போதும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாயா, எவன் உன் பெயரைச் சொல்லுவான் என்று.

"அண்ணா, அதைக் கழட்டுங்க" என்றாள், மயில்சாமியின் முகத்துக்கு நேராகப் போய் நின்று. டர்ர் நின்றது.

"என்னங்க மேடம்?"

"ரெண்டையும் கழட்டுங்க. மாத்தி மாட்டியிருக்கீங்க."

"சிந்து" என்றான் நவநீதன், எல்லோர் முன்னாலும் குழந்தையை அதட்டுகிற மாதிரிச் சிரித்துக்கொண்டு, "ஏசி ரூமுக்குப் போ. பாப்பா அழுகுது பாரு."

"பாப்பா எதுக்கு அழுகுதுன்னு எனக்குத் தெரியும். அண்ணா, கோட்டைப் பாக்காதீங்க. கோடு பேடைச் சொரண்டறதுக்கு, எப்படிச் சாஞ்சாலும் சொரண்டும். நடுவுல இருக்கற எறக்கையைப் பாருங்க. லைட்டடிச்சுப் பாருங்க."

மயில்சாமி ஃபோன் டார்ச்சை அடித்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு விளிம்புக்குள் பார்த்தார். அவர் முகத்தில் இன்னும் ஒன்றும் வரவில்லை.

"உங்களுக்குத் தோட்டம் இருக்குதுங்களா?"

"அன்னூர்ப் பக்கம் ரெண்டு ஏக்கரா, ஏனுங்க?"

"மோட்டாருக்கு மூணு வயர்ல ரெண்டை மாத்திக் குடுத்துட்டா என்ன ஆகும்?"

"ரிவர்ஸ்ல சுத்தும்."

"தண்ணி வருமா?"

"வருமுங்க, நூலாட்ட வரும், பாத்தி நெறையாது" என்றவர் அப்படியே நின்றார். மறுபடி விளிம்புக்குள் பார்த்தார். கையால் டிஸ்க்கை முன்பக்கமாகச் சுற்றினார், பின்பக்கமாகச் சுற்றினார், மறுபடி முன்பக்கமாக. பிறகு கையிலிருந்த ஸ்பேனரைத் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினார். "அம்மிணி சொல்றது சரி தம்பி. காத்து நூலாட்டத்தான் வரும் இதுல. பெட்டிக்காரன் ஒழுங்காத்தான் போட்டிருக்கான், நம்ம ரெண்டு பேருந்தான் அதிகமாப் படிச்சுப் போட்டோம்." மேடம் போய் அம்மிணி ஆகிவிட்டது. அவர் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார், பார்த்ததில் கொஞ்சம் வெட்கமும் இருந்தது. "பம்பு செட்டுத் தெரிஞ்சவுங்களாட்ட."

"நம்மூட்டுக்காரி இஞ்சினியருங்ணா" என்றான் நவநீதன் உடனே, பெண் பார்க்க வந்த அன்றைய அதே குரலில், அவள் தோளில் கையைப் போட்டு ஓர் உலுக்கு உலுக்கி, "சும்மாவா கட்டிட்டு வந்தேன்?" தோளில் அந்தக் கை கனத்தது. கேட்காமலே இருந்தால்கூட ஒரு மாதிரிப் பொறுத்துக்கொள்ளலாம், கேட்டுவிட்டு இப்படி எடுத்துச் சட்டைப் பையில் குத்திக்கொள்கிறானே, பேட்ஜ் மாதிரி. மயில்சாமி இரண்டு டிஸ்க்கையும் கழற்றி இடது இடத்துக்கும் வலது இடத்துக்கும் மாற்றினார், இந்தத் தடவை ஒவ்வொன்றையும் சுற்றிக் காட்டி, சரிங்களா அம்மிணி, சரிங்களா என்று கேட்டுக் கேட்டு மாட்டினார், அவள் ஒவ்வொன்றுக்கும் குனிந்து இறக்கையைப் பார்த்துத் தலையசைத்தாள். பேடு புதிது, ஆயில் புதிது, பைப்பு புதிது. அவளுக்குக் கோபம் ஆறியிருக்க வேண்டும், ஆறவில்லை. அழுதபடியே தூங்கிப்போன மகிழினியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பட்டறை வாசலுக்கு வந்தபோது நவநீதன் முதுகைக் காட்டி நின்று ஃபோனை வாய்க்கருகில் பிடித்துத் தன் கார் குரூப்புக்குப் பேசி அனுப்பிக்கொண்டிருந்தான். "மச்சிகளா, டைரக்ஷனல் டிஸ்க் போடறவன் கவனமா இருங்க. இங்க லெஃப்ட் ரைட்டு மாத்தி மாட்டிட்டாங்க. நல்லவேளை, நான் பாத்துப் புடிச்சேன். கோட்டப் பாக்காதீங்க, எறக்கையப் பாக்கோணும்." அவள் சொற்கள், அப்படியே, வரிசைகூட மாறாமல். நான் பாத்துப் புடிச்சேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அது சிரிப்பில்லை. அப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது, ஒரு வேளை வெயிலில் நின்றதால்கூட இருக்கலாம், எல்லாம் ஒரே நேரத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. பதினெட்டு நாளாக அவள் டிஸ்க்கைப் பற்றியே நினைத்திருக்கிறாள். துளை, கோடு, கனம், ஆறு குடம். டிஸ்க்கில் தப்பு இருந்தால் நல்லது என்று இருந்திருக்கிறது அவளுக்கு. தப்பு இரும்பில் இருந்தால் மாற்றிவிடலாம், பெட்டியில் எழுதி வரும், சண்டை போட்டு வாங்கி மாட்டிவிடலாம், அப்புறம் பழையபடி பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம், தாம்பத்தியம் நடக்கும். இப்போது இரும்பில் ஒரு தப்பும் இல்லை. கடைசித் தப்பையும் அவளே தன் வாயால் சொல்லித் திருத்திவிட்டாள். நெஞ்சு வலி வேண்டாம், காய்ச்சல் வேண்டாம், சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் மிச்சமில்லை. இதைவிட நல்ல பிரேக் இந்த ஊரில் கிடையாது, அவளே சோதித்தாள், அவளே கையெழுத்துப் போட்டாள், பயம் அப்படியே இருக்கிறது, இம்மி குறையவில்லை. அப்படியென்றால் அது பிரேக்கைப் பற்றிய பயமில்லை.

மயில்சாமி காரைக் கீழே இறக்கினார், சக்கரத்துக்குள் கோடுகள் மின்னின. "முன்னூறு கிலோமீட்டருக்கு அமுக்கி மிதிக்காதீங்க தம்பி. புது பேடும் டிஸ்க்கும் ஒண்ணுக்கொண்ணு பழகோணும். அறுபதுல போயி மெதுவா பத்துக்குக் கொண்டாங்க, நிறுத்தாம, ஒரு பத்து வாட்டி, அப்பறம் ஆற விடுங்க." "பாத்துக்கறேங்ணா" என்று நவநீதன் ஏறி உட்கார்ந்தான், எஞ்சின் உறுமியது, தகரக் கூரை அதிர்ந்தது, மகிழினி தூக்கத்தில் ஒரு தடவை துள்ளினாள். அவன் காரைச் சந்துக்குக் கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கினான். முகம் பளபளவென்றிருந்தது. அழகன்தான்.

"ஏறு. அவிநாசி ரோட்ல ஒரு நூத்தம்பதுல போயி ஒரே மிதி மிதிச்சுப் பாத்துரலாம். இனி ஞாயித்துக்கெழம உனக்கு ஒரு பயமும் இருக்காது, கண்ணை மூடிட்டுத் தூங்கிட்டு வரலாம்."

"ஞாயித்துக்கெழம நான் பஸ்ல வர்றேன் நவி. பாப்பாவும் எங்கூட பஸ்ல."

வெளியில், ஓர் அந்நியரின் முன்னால், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அதுகூட அவனுக்கு உடனே படவில்லை. "பஸ்லயா? ஏன்? பிரேக்கெல்லாம் மாத்தியாச்சில்ல."

"பிரேக்கு மாத்தியாச்சு" என்றாள்.

அவன் காத்திருந்தான், அடுத்து ஏதோ வரும் என்று. அவன் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்று, எங்கே போவது என்று தெரியாமல், மெல்ல வேறொன்றாக மாறியது. "அண்ணன் நிக்கறாரு, மானத்த வாங்காத. இப்ப ஏறு, வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்."

"இப்பவும் ஏறல."

மயில்சாமி ஒரு துணியை எடுத்துச் சுத்தமாக இருந்த கையைத் துடைக்க ஆரம்பித்தார். நவநீதன் நேராகப் பார்த்தான், கண்ணாடியை ஏற்றினான், கறுப்புக் கண்ணாடியில் அவளும் குழந்தையும் வெயிலும் தெரிந்து மேலே ஏறி மறைந்தார்கள். கார் உறுமிக்கொண்டு சந்தில் பாய்ந்தது, ஒரு தள்ளுவண்டிக்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டார், சந்து முனையில் மெயின் ரோட்டில் ஒரு பால் வேன் குறுக்கே வந்தது, அவள் உடம்பு முழுக்க ஒரு கணம் விறைத்தது, குழந்தையின் முதுகில் விரல்கள் பதிந்தன. காரின் பின்னால் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தது. இரண்டு டன்னும் கோடு கிழித்தாற்போல, ஒரு முனகல் இல்லாமல் நின்றன. நன்றாகவே நின்றன, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேன் போனதும் அவன் திரும்பிப் பார்க்காமல் அதே வேகத்தில் திரும்பி மறைந்தான். அவள் குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, பஸ் ஸ்டாப்புக்கு எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று மயில்சாமியிடம் கேட்டாள்.